மூச்சும் காற்றும் அடங்கும் நேரம்

(இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊரான பெரியபட்டினத்தில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த மாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேடை ஏறுவதற்கு முன் வாசலில் நிற்கும் பூவரச மரத்தடியில் இந்தப் பூவைப் பொறுக்கினேன். உங்களிடம் ஒரு கேள்வி. பூவரசம்பூ என்ன நிறம்? இந்தப் பக்கமிருந்து "மஞ்சள்" என்று குரல் வருகிறது. அந்தப் பக்கமிருந்து "சிவப்பு" என்று வருகிறது. இரண்டும் சரி. காலையில் மஞ்சளாக விரியும் பூ, பொழுது சாயும்போது சிவக்கத் தொடங்குகிறது. மறுநாள் ஊதா கலந்த சிவப்பாகிச் சுருங்கி உதிர்கிறது. என் கையில் இருப்பது நேற்றுப் பூத்தது. கிளையில் மஞ்சளாகத் தெரிபவை இன்று பூத்தவை.

இந்த மரத்தின் இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதாத பிள்ளை நம் ஊரில் உண்டா? நானும் ஊதியவன்தான். இருந்தும், ஒரே பூ ஒரு நாளுக்குள் நிறம் மாறுகிறது என்பது எனக்கு நாற்பது வயதுவரை தெரியாது. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரே பூவின் முன்னால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போய் நின்ற அன்றுதான் தெரிந்தது. குனிந்து மணி போன்ற அதன் உட்புறத்தைப் பார்த்தபோது, இதழ்களின் அடியில் கரும்சிவப்பாக ஒரு பொட்டு இருந்தது. தினமும் கடந்துபோன மரம் அது. அந்தப் பொட்டை நான் பார்த்ததே இல்லை.

வீட்டுப் பூக்களை மிக நெருங்கி, முக்காலி இல்லாமல், கையில் பிடித்த கேமராவால் படம் எடுப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். என் அனுபவத்தில் அறிந்த ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கலைக்கு விலை உயர்ந்த கருவி முதல் தேவை அல்ல. மூச்சை அடக்கத் தெரிய வேண்டும், காற்றைக் கணிக்கத் தெரிய வேண்டும், ஒரு பூவுக்கு நேரம் கொடுக்க மனம் வேண்டும். இவை மூன்றும் இந்தக் கரைக்காரர்களுக்குப் பரம்பரைச் சொத்து. சங்கு குளித்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்கு மூச்சடக்கவும், பாய்மரம் கட்டியவர்களின் பேரப் பிள்ளைகளுக்குக் காற்றறியவும் வெளியூரிலிருந்து ஒருவர் வந்து கற்றுத்தர வேண்டியதில்லை.

பூவை உற்றுப் பார்ப்பது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அந்த வரிசையில் நம் கடற்கரை மணலில் படரும் அடும்பு இருக்கிறது. தாழையும் இருக்கிறது. புன்னையும் இருக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. வேலியில் படரும் சங்குப்பூவில் நீலம் ஒன்று, வெள்ளை ஒன்று என்று இரண்டு உண்டு அல்லவா? நீலத்துக்குக் கருவிளை என்றும் வெள்ளைக்குச் செருவிளை என்றும் அந்தப் பாட்டு தனித்தனிப் பெயர் வைத்திருக்கிறது. நிறம் ஒன்று மாறினாலே தனிப் பெயர் சூட்டும் அளவுக்குப் பார்த்த கண்கள் அவை. இன்று நாம் இரண்டையும் சங்குப்பூ என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

நம் ஊர் மண்ணுக்கடியிலும் ஒரு சாட்சி கிடைத்தது. 1980-களில் இங்கே நடந்த அகழாய்வைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் எ. சுப்பராயலுவும் ஜப்பானிய வரலாற்றறிஞர் நொபொரு கராஷிமாவும் ஆராய்ந்த சீனப் பீங்கான் சில்லுகள், 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் இது பெரிய துறைமுகமாக இருந்ததைக் காட்டின. சீனாவின் லாங்சுவான் பகுதியில் செய்த பச்சைப் பீங்கானும் அவற்றில் உண்டு. அந்தக் காலத்து லாங்சுவான் கிண்ணங்களின் வெளிப்புறத்தில் தாமரை இதழ்களைச் செதுக்குவது வழக்கம். இதழ் எங்கே குவிகிறது, அதன் நடுநரம்பு எங்கே எழும்புகிறது என்று உட்கார்ந்து பார்த்த ஒருவரால்தான் அதைச் செதுக்க முடியும். அப்படிப்பட்ட கைவேலை கப்பலேறி வந்து இறங்கிய ஊர் இது.

கேமரா வந்த பிறகும் இதே உற்றுப் பார்த்தல்தான் தொடர்ந்தது. இங்கிலாந்தில் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி 1843-இல் ஒளிப்படங்களைக் கொண்ட முதல் நூலை வெளியிடத் தொடங்கினார். அந்த நூல் முழுக்க முழுக்க கடற்பாசிகள். பாசி எடுக்கக் கடலில் இறங்கும் நம் பெண்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள். ஜெர்மனியில் கார்ல் பிளாஸ்ஃபெல்ட் என்ற கலை ஆசிரியர், தானே அமைத்த கேமராவால் சாதாரணச் செடிகளின் மொட்டையும் தளிரையும் பல மடங்கு பெரிதாக்கிப் படமெடுத்தார். 1928-இல் அவை நூலாக வந்தபோது, வழியோரச் செடிக்குள் இத்தனை கட்டடக் கலையா என்று உலகம் வியந்தது. நம் தமிழ்நாட்டில் மா. கிருஷ்ணன் இருந்தார். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். பல கேமராக்களின் உறுப்புகளை இணைத்துத் தானே ஒரு கேமராவை அமைத்துக்கொண்டு, கறுப்பு வெள்ளையில் காட்டுயிர்களைப் படமெடுத்தவர். ஆங்கில நாளிதழ் ஒன்றில் 1950 முதல், 1996-இல் மறையும்வரை இயற்கை பற்றி இடைவிடாமல் எழுதினார். யானையைப் பற்றி எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக் கொல்லைக்கு வரும் பறவையைப் பற்றியும் எழுதினார். கொல்லையைச் சின்ன இடம் என்று எண்ணாதவர் அவர்.

இனி தொழிலுக்கு வருகிறேன்.

நெருங்கி எடுக்கும் படத்தில் முக்கியமான ஓர் அளவை 'ஒன்றுக்கு ஒன்று' என்பார்கள். பூ எத்தனை மில்லிமீட்டரோ அத்தனை மில்லிமீட்டராகவே கேமராவின் உணர்தகட்டில் விழ வேண்டும். முழு அளவுத் தகட்டின் நீளம் 36 மில்லிமீட்டர். ஒரு நித்தியகல்யாணிப் பூ படம் முழுவதையும் நிரப்பிவிடும். அப்படி நெருங்கும்போது ஒரு பெரிய சிக்கல் வருகிறது. லென்ஸின் துளையை எஃப் 8 என்று வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். நகத்தின் தடிமனைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும் மங்கிவிடும். துளையை எஃப் 16 வரை சுருக்கினால் ஆழம் இரண்டு மில்லிமீட்டர் ஆகும். ஆனால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறையும், ஒளி சிதறி விளிம்புகளும் மழுங்கத் தொடங்கும்.

இப்போது நினைத்துப் பாருங்கள். கிடைப்பது ஒரு மில்லிமீட்டர். நம் உடம்போ சும்மா நிற்கும்போதே முன்னும் பின்னும் பல மில்லிமீட்டர் ஆடுகிறது. இதயம் துடிக்கிறது, மார்பு விரிகிறது. பூவும் காற்றில் ஆடுகிறது. ஆடும் ஒருவர் ஆடும் ஒன்றை ஒரு மில்லிமீட்டர் கணக்கில் பிடிக்க வேண்டும். முக்காலி வைத்தால் தீராதா என்று கேட்பீர்கள். நம் ஆட்டம் தீரும், பூவின் ஆட்டம் தீராது. நம் கொல்லைகளில் பூக்கள் முழங்காலுக்குக் கீழே இருக்கின்றன. மணலில் முக்காலியின் கால் புதைகிறது. அதை விரித்து நிறுத்துவதற்குள் தேனீ அடுத்த பூவுக்குப் போய்விடுகிறது, பக்கத்துச் செடியும் மிதிபடுகிறது. ஆகவே கைதான் சரி. கையைப் பழக்க வேண்டும்.

நான் பழகிய முறையைச் சொல்கிறேன். ஒரு முழங்காலை மணலில் ஊன்றி உட்காருங்கள். மற்றொரு முழங்காலின் மேல் இடது முழங்கையை வையுங்கள். வலது முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கட்டும். இடது உள்ளங்கை லென்ஸின் அடியில் ஏந்தியபடி இருக்கட்டும். அந்தக் கையின் விரல் நுனிகளால் பூக்காம்பை மெல்லப் பிடித்து, லென்ஸின் முன்பகுதியை அதே கையின் மேல் சாய்த்துவிட்டால் இன்னும் நல்லது. அப்போது கை ஆடினால் பூவும் சேர்ந்து ஆடும், கேமராவும் சேர்ந்து ஆடும். இரண்டும் ஒன்றாக ஆடினால் இடையில் தூரம் மாறாது. படகோடு சேர்ந்து ஆடத் தெரிந்தவன் படகில் விழுவதில்லை அல்லவா, அதே கணக்கு.

அடுத்தது ஃபோகஸ். கேமராவைத் தானே தேட விட்டால் அது முன்னும் பின்னும் அலைந்து, கடைசியில் பின்னாலுள்ள சுவரில் போய் நிற்கும். எவ்வளவு நெருக்கம் வேண்டுமோ அதைக் கையால் திருப்பி நிலைநிறுத்திவிடுங்கள். பிறகு வளையத்தைத் தொடாதீர்கள். இடுப்பிலிருந்து உடம்பைக் கொஞ்சமே முன்னால் சாயுங்கள். கூர்மை இதழின் விளிம்பைத் தொட்டு, உள்ளே நகர்ந்து, மகரந்தத்தின் மேல் வந்து நிற்பது கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் அழுத்துங்கள். ஒன்றுக்கு நான்கு ஐந்தாகத் தொடர்ந்து எடுங்கள். ஐந்தில் ஒன்று நிற்கும்.

மூச்சை முழுவதும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அழுத்தாதீர்கள். நிரம்பிய நெஞ்சில் துடிப்பு பலமாகக் கேட்கும், கை அதிரும். மெல்ல மூச்சை விடுங்கள். விட்டு முடித்து அடுத்த மூச்சு இழுப்பதற்கு முன் ஒரு சிறு அமைதி வரும். உடம்பு அப்போதுதான் மிகவும் அடங்கி இருக்கும். விரல் அங்கே இறங்க வேண்டும்.

காற்றை எப்படிக் கணிப்பது? கச்சான் அடிக்கும் ஆனி, ஆடியில் பகல் முழுதும் செடி நிலைகொள்ளாது. விடிந்து ஒரு மணி நேரம் கிடைத்தால் பெரிது. வாடை வீசும் மார்கழியில் வீட்டுச் சுவரின் தெற்குப் பக்கத்துப் பூக்களை எடுக்கலாம், சுவர் காற்றை மறைக்கும். பங்குனி, சித்திரையில் கடல் அடங்கியிருக்கும் நாட்கள் நமக்கு வாய்ப்பான நாட்கள். எந்த மாதத்திலும் காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. ஓங்கி அடித்து, ஒரு கணம் விழும். 'காற்று விழுந்துடுச்சு' என்று கடலுக்குப் போகிறவர்கள் சொல்வார்களே, அந்தக் கணம். ஆடும் பூ ஊஞ்சல் போல இரு ஓரத்திலும் நொடிப்பொழுது நின்று திரும்பும். காற்று விழுவதும் நம் மூச்சு அடங்குவதும் ஒன்றாக வரும்வரை காத்திருங்கள். சில நேரம் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் பூவைப் பற்றி நாம் அறிவது, எடுத்த படத்தைவிட அதிகம்.

ஷட்டர் வேகம் நொடியில் 250-இல் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம். காற்று இருந்தால் 500-இல் ஒரு பங்கு. துளை எஃப் 8 முதல் 11 வரை. வெளிச்சம் போதாவிட்டால் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வை 400, 800 என்று உயர்த்துங்கள். படத்தில் கொஞ்சம் புள்ளி தெரிந்தால் குற்றமில்லை. ஆட்டத்தால் மங்கிய படத்தை நன்றாகத் திருத்துவது கடினம்.

நம் கரையில் வெயில்தான் பெரிய சோதனை. எட்டரை மணிக்கு மேல் சூரியன் பூவின் மேல் நேராக இறங்கி, வெள்ளை நந்தியாவட்டையைச் சுண்ணாம்புத் துண்டாகக் காட்டும். அதன் இதழில் உள்ள மென்மையான மடிப்புகள் எல்லாம் அழிந்துபோகும். அதற்குக் கைவசம் மருந்து இருக்கிறது. பூவுக்கும் சூரியனுக்கும் இடையில் ஒருவர் வெள்ளைத் துண்டை விரித்துப் பிடித்தால் போதும், கடுமை போய் வெளிச்சம் பாலாகப் பரவும். நிழல் விழும் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் அந்த இருட்டும் தெளியும். ஃபிளாஷ் வைத்திருப்பவர்கள் அதன் முகத்தில் மெல்லிய வெள்ளைத் தாளைக் கட்டிக் குறைந்த அளவில் எரிய விடுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்கும் குறைவான அந்த மின்னல், காற்றில் ஆடும் பூவையும் நிறுத்திக் காட்டிவிடும்.

கருவி பற்றி ஒரு சொல். மேக்ரோ லென்ஸ் வாங்க வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். இருக்கும் லென்ஸுக்கு முன்னால் திருகும் நெருக்கக் கண்ணாடி கிடைக்கிறது. கூட்டல் 4 என்று குறித்த கண்ணாடியைப் போட்டால் 25 சென்டிமீட்டர் தூரத்துப் பூ தெளிவாக விழும். பழைய 50 மில்லிமீட்டர் லென்ஸைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்தும் வளையம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதுவும் நன்றாக வேலை செய்யும்.

செல்போன் வைத்திருக்கும் பிள்ளைகளுக்குத் தனியாகச் சொல்கிறேன். திரையில் பூவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள், பிறகு போனையே முன்னும் பின்னும் நகர்த்துங்கள். மிகவும் நெருங்கினால் போனின் நிழலே பூவின் மேல் விழும். இரண்டு மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் இருந்தால் அதைப் போட்டுச் சற்றே தள்ளி நின்று எடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், லென்ஸை ஒரு பருத்தித் துணியால் துடையுங்கள். நம் காற்றில் உப்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத உப்புப் படலம் லென்ஸில் ஒட்டிக்கொள்ளும், படம் புகைமூட்டம்போல் வரும். படம் சரியில்லை என்று போனைக் குறைசொன்ன பல பிள்ளைகளின் குறை, ஒரு தடவை துடைத்ததும் தீர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இப்படிப் பொறுமையாக நெருங்கினால் என்ன தெரியும்? நம் ஊர்ப் பூக்கள் இரண்டை மட்டும் காட்டுகிறேன்.

முதலில் எருக்கு. யாரும் கொல்லையில் நட்டு வளர்ப்பதில்லை, அதுவாக வந்து நிற்கிறது. தள்ளி நின்று பார்த்தால் வெளிறிய ஊதாவில் மெழுகால் செய்ததுபோல் ஒரு பூ. நெருங்கினால் நடுவில் ஐந்து மூலையுள்ள ஒரு கிரீடம் எழுந்து நிற்கும். கிரீடத்தின் பக்கவாட்டில் நூல் நுழையும் அளவுக்கு ஐந்து பிளவுகள். பெரும்பாலான பூக்களில் மகரந்தம் தூளாக இருக்கும், கை பட்டால் ஒட்டும். எருக்கில் தூள் பறக்காது. மகரந்தம் சிறு பைகளாகத் திரண்டு, இரண்டிரண்டாகக் கோத்து அந்தப் பிளவுகளுக்குள் தொங்குகிறது. தேனுக்கு வரும் கருவண்டின் கால் பிளவில் சிக்குகிறது. வண்டு காலை உதறி இழுக்கும்போது அந்த இரட்டைப் பை கொக்கிபோல் காலில் மாட்டிக்கொண்டு கூடவே வருகிறது. அடுத்த பூவின் பிளவில் அது போய்ச் சேர்கிறது. நான் எடுத்த ஒரு படத்தில் கருவண்டின் காலில் மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்தேன். படத்தைப் பெரிதாக்கியபோது இரண்டு சிறு பைகள். பாடப் புத்தகத்தில் கோட்டோவியமாகப் பார்த்ததை வேலியோரத்தில் உயிரோடு பார்த்த நாள் அது. அதே செடியின் இலைக்கடியில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு இருந்தால் நசுக்கிவிடாதீர்கள். வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் பிள்ளை அது.

அடுத்தது நித்தியகல்யாணி. இங்கே பலர் இதைச் சுடுகாட்டுப்பூ என்று ஒதுக்குகிறார்கள். ஆப்பிரிக்காவுக்கு அருகிலுள்ள மடகாஸ்கர் தீவின் செடி இது. வறட்சி தாங்கும் என்பதால் நம் இராமநாதபுரம் மாவட்டத்திலும் தென்மாவட்டங்களிலும் மருந்துக்காகப் பயிரிடப்பட்டது. 1950-களில் கனடாவில் நடந்த ஆய்வைத் தொடர்ந்து, இதன் சாற்றில் பிறந்த மருந்துகள் இரத்தப் புற்றுநோய்க்கும் வேறு புற்றுநோய்களுக்கும் கொடுக்கப்பட்டு வருகின்றன. எத்தனையோ குழந்தைகளின் உயிர் காத்த செடி அது. அந்தப் பூவை நெருங்கிப் பாருங்கள். ஐந்து இதழ்களும் ஒரே பக்கம் சாய்ந்து காற்றாடி போல் நிற்கும். நடுவில் ஊசி நுனியளவு ஒரு வாய். வாயைச் சுற்றி மெல்லிய மயிர். மகரந்தப் பை ஒன்றுகூட வெளியே தெரியாது, எல்லாம் குழலுக்குள். நீண்ட உறிஞ்சுகுழல் உள்ள பட்டாம்பூச்சியால்தான் தேனை எட்ட முடியும். பூட்டிய வீட்டுக்குத் திறப்பு வைத்திருப்பவர் மட்டும் உள்ளே போவதுபோல.

இந்தப் பூவின் படத்தைப் பக்கத்து வீட்டு உம்மம்மாவிடம் காட்டினேன். நான் அவர்கள் வீட்டு வாசலில் அரை மணி நேரமாக முழங்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன வாப்பா, காசு எதுவும் தொலைஞ்சு போச்சா?" என்று கேட்டபடி வெளியே வந்தார்கள். கேமராவின் திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இது நம்ம வாசல்ல நிக்கிற பூவா? எண்பது வருசமா இதுக்குத் தண்ணி ஊத்துறேன், இதுக்கு இப்படி ஒரு வாய் இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே" என்றார்கள். அடுத்த நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கொல்லையில் இருந்த ஒவ்வொரு செடியாகக் காட்டி, "இதை எடு, இதை எடு" என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார்கள். அவற்றில் நான்கு பெயர்கள் நான் கேள்விப்படாதவை. எழுதி வைத்துக்கொண்டேன். அந்தக் காலை எனக்குக் கிடைத்த பெரிய பரிசு.

பயன் என்ன என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லோரும் அறிவோம். மல்லிகை நடுகிறவர்கள் நாற்றுக்கு எங்கே வருகிறார்கள்? நம் மாவட்டத்துக்கு வருகிறார்கள். தங்கச்சிமடம் பக்கத்து மணல் நிலங்களில் பதியம் போட்டு வளர்க்கும் நாற்று பல ஊர்களுக்கும் போகிறது. இராமநாதபுரம் குண்டுமல்லி என்றே ஒரு வகைக்குப் பெயர். அந்த மல்லிகை மொட்டுக்குள் புழு இருந்தால் வெளியே சிறு துளைதான் தெரியும். மொட்டு ஈ தாக்கினால் அடி வீங்கி, நிறம் சிவந்து, விரியாமலே வாடும். தோட்டக்காரர் வேளாண் அலுவலரிடம் போய், "பூ கெட்டுப்போகுது" என்று வாயால் சொல்வதற்கும், துளை தெரிகிற ஒரு படத்தைக் காட்டுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்! சரியான மருந்து கிடைக்கும், தேவையில்லாத மருந்து நிலத்தில் விழாது. நெருங்கி எடுத்த ஒரு தெளிவான படம், ஒரு குடும்பத்தின் ஒரு பருவ வருமானத்தைக் காக்கும்.

பிள்ளைகளுக்குச் சில கட்டுப்பாடுகளும் சொல்ல வேண்டும். பூவைப் பறித்து வசதியான இடத்தில் வைத்து எடுக்காதீர்கள். பறித்த பூவைத் தேடி வண்டு வராது. அதன் கதை அங்கே முடிந்துவிடுகிறது. பனித்துளி வேண்டும் என்று தண்ணீர் தெளிக்காதீர்கள். பனி இருந்தால் எடுங்கள், இல்லாத நாளில் இல்லாததையே எடுங்கள். பூச்சியைக் குளிரவைத்து மயக்கி உட்காரவைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு, அதை ஒருநாளும் செய்யாதீர்கள். அடுத்த வீட்டுக் கொல்லைக்குள் அனுமதி கேட்காமல் கேமராவோடு நுழையாதீர்கள். பெண்கள் புழங்கும் இடம் அது. பூவுக்குப் பின்னால் மனிதர்கள் படத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடலில் தெரியும் தீவுகளுக்குப் பூத்தேடிப் போகவும் வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியின்றி அங்கே கால் வைக்கக் கூடாது. நமக்கு வாசலே போதும்.

வாசல்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. வெளிநாட்டுச் சம்பாத்தியத்தில் நல்ல வீடுகள் எழும்பின. அது நம் உழைப்பு, மகிழ்ச்சிதான். ஆனால் வீட்டோடு சேர்த்து முற்றத்துக்கும் கல் பதித்துவிட்டோம். அந்திமந்தாரை நின்ற இடத்தில் இன்று சிமெண்டுத் தரை. மாலை நான்கு மணிக்கு அந்திமந்தாரை விரிவதைப் பார்த்து அடுப்பு மூட்டிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. அவர்களுக்குத் தெரிந்த பெயர்களும் நேரங்களும் அவர்களோடு போய்விடக் கூடாது.

ஆகவே இந்த ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். உங்கள் வீட்டு வாசலிலோ கொல்லையிலோ நிற்கும் ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள். அரிய செடி வேண்டாம். முருங்கையாக இருக்கட்டும், அரளியாக இருக்கட்டும், மணலில் படரும் அடும்பாக இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதன் முன் உட்கார்ந்து, காற்று விழும்வரை காத்திருந்து, ஒரு படம் எடுங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாள், நேரம், இடம், அப்போது பூவில் இருந்த உயிர் என்ன என்று எழுதுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் போய், "இதுக்கு நம்ம ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டு அதையும் எழுதுங்கள். ஒரு தெருவில் பத்துப் பிள்ளைகள் செய்தால், ஓராண்டில் 120 படங்கள். பெரியபட்டினத்தில் எந்தப் பூ எந்த மாதம் பூக்கிறது, எந்த வண்டு எதைத் தேடி வருகிறது என்று இந்த ஊரே எழுதிய ஒரு கணக்கு நம் கையில் இருக்கும். அடுத்த ஆண்டு இதே கூட்டத்தில் அதைச் சுவரில் ஒட்டி வைப்போம்.

நாளை காலை ஆறரை மணிக்குப் பூவரசு நிற்கும் வாசலில் இருப்பேன். வர விரும்பும் பிள்ளைகள் வாருங்கள். கேமரா இல்லாதவர்களும் வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன். லென்ஸ் துடைக்க ஒரு பருத்தித் துணி மட்டும் கொண்டு வாருங்கள்.